ஏறுங்கோ அண்ணை

14.06.2003, சனிக்கிழமை
ஸ்கந்தபுரம்

இண்டைக்கு என்ர மனுசன் என்ர உயிரை எடுத்துப்போட்டார். மாரடைப்பு வந்து வவுனியா ஆஸ்பத்திரியில கிடந்தவரை, ஒவ்வொரு நாளும் காலமை அரை மணித்தியாலம் நடக்கவேணும் எண்டு சொல்லித்தான் டொக்டர் வீட்டை அனுப்பினவர். மோட்டார் சைக்கிள் வாங்கினதில இருந்து இவர் வாசல் படலை வரைக்கும்கூட நடந்தறியாதவர். இண்டைக்கு ஆறு மணிக்கு நடக்கவெண்டு போனவர் எட்டாகியும் வரேல்லை. எங்கையோ விழுந்து கிடக்கிறார் எண்டு நினைச்சு ரோட்டுக்கு ஓடினன்.

தூரத்தில வேர்த்து ஒழுக நடந்து வாறார்.

"எங்கை போனனீங்கள்?"

"அக்கராயன் சந்திக்கு. பக்கத்து வீட்டுத் தம்பி மோட்டார் சைக்கிளை நிப்பாட்டி, 'ஏறுங்கோ அண்ணை, ஏன் நடக்கிறியள்' எண்டான். மாட்டன் எண்டால் கோவிப்பானெல்லோ."

பிறகுதான் எல்லாம் வெளியில வந்தது. ஒரு மாசமா ஒவ்வொரு நாளும் ஆராவது இவரை ஏத்திக்கொண்டு போய், திருப்பிக் கொண்டுவந்தும் விட்டிருக்கினம். மனுசன் ஒரு நாளும் நடக்கேல்லை! இண்டைக்கு மட்டும் திரும்பிவர ஒருதரும் அம்பிடேல்லையாம்.

வாய் ஓயுமட்டும் ஏசிப்போட்டு, "நெஞ்சு நொந்ததோ?" எண்டு கேட்டன்.

"இல்லையப்பா. கால்தான் நோகுது."

அவ்வளவு தூரம் நடந்தும் நெஞ்சு நோகேல்லை. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நாளையில இருந்து நானும் கூட நடக்கப்போறன். எனக்கும் பிறசர் கூட எண்டதை இவருக்கு இன்னும் சொல்லேல்லை. என்ர பெருத்த உடம்பைக் கண்டால் ஒருதனும் மோட்டார் சைக்கிளை நிப்பாட்டமாட்டான்.