வெண்கழிக் கதவும் வேம்பையன் பாடும்

ஐப்பசி 14, 2097. காலை 6:10

உப்பு லிட்டருக்கு 19 கிராம். நீர்மட்டம் சாதாரணம். மேற்குக் கரை அலையாத்தி நாற்றுகளில் புதுத் தளிர். இறால் குஞ்சு வரத்து நன்று. தென்கிழக்கே காற்றழுத்தம் குறைகிறது. பதிவு: மதிவாணி, வெண்கழி முகத்துவாரக் கதவு நிலையம்.

இதைக் கண்டெடுப்பவருக்கு ஒரு விளக்கம். ஆறு கடலில் சேரும் உப்பங்கழி இது. முன்பு மணல் அடைத்தால் ஊரே மண்வெட்டியோடு வந்து வெட்டிவிடும். பிறகு கடல் உயர்ந்தது. உப்பு பதினெட்டு கிலோமீட்டர் மேலேறி அலையாத்திக் காட்டைக் கொன்றது. கதவு போட்ட பிறகுதான் கழி பிழைத்தது. ஒவ்வொரு திறப்பிலும் உப்பு உள்ளே வரும் என்பதால் ஒரு நாளைக்கு ஒரு படகுதான். எந்த நாள் யாருக்கு என்பது ஊரின் பழைய பாடு முறை, குலுக்கலில் விழுவது. அந்தப் பட்டியலைக் கதவின் நிரலுக்குள் எழுதியவள் நான்.

காலை 9:30

என் தம்பி வேம்பையன் நேற்று தன் பாட்டு நாளில் கடலுக்குப் போனான். எஞ்சின் மக்கர் செய்து இப்போதுதான் திரும்பியிருக்கிறான். படகில் நான்கு பேர். கதவு சொன்ன பதில்: "இன்று உங்கள் பாடு இல்லை." எஞ்சினைப் பார்க்கச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது, தடிப்பயல்.

முற்பகல் 11:50

புயல் வந்துவிட்டது. கதவுக்கு வெளியே இருபுறமும் கல்சுவர். கரையேற இடமில்லை.

"அக்கா, அலை தலைக்கு மேல வருது. சுவத்துல மோதிருவோம் போல. தொறந்து வுடு."

என்னால் முடியாது. போன வருடம் பட்டியலை மீறித் திறக்கும் கடவுச்சொல் என்னிடம் இருந்தது. அஞ்சப்பன் மாமாவின் மகன் இதே இடத்தில் நின்று கெஞ்சினான். ஒருத்தனுக்குத் திறந்தால் எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்றேன். படகும் போனது, அவனும் போனான். ஊர் சண்டைக்கு வந்தது. இனி எவனும் என்னிடம் கெஞ்சக் கூடாது என்று கடவுச்சொல்லை அழித்தேன். கையால் திருப்பும் சக்கரத்தையும் கழற்றி எறிந்தேன்.

ஒரே வழி, இன்று பாடு விழுந்த பாட்டுக்காரர் இங்கே வந்து கைநாட்டு வைத்து விட்டுக்கொடுப்பது. இன்றைய பாடு அஞ்சப்பன் மாமாவுடையது. படகில்லாத மனிதருக்குப் பெயரில் மட்டும் பாடு.

பிற்பகல் 1:20

வயர்லெஸ்ஸில் கேட்டேன். வெட்கம் மானம் எல்லாவற்றையும் விட்டுக் கேட்டேன்.

"மாமா, இன்னிக்குப் பாட்டைத் தம்பிக்கு வுட்டுக் குடுங்க."

"எம் மவன் நின்ன எடத்துலயா நிக்கிறான்?"

"ஆமா மாமா."

நானாக இருந்தால் வயர்லெஸ்ஸை அணைத்துவிட்டுப் படுத்திருப்பேன்.

"அவன் என்ன பண்ணுவான், பாவம். இரு, வரேன்."

பிற்பகல் 2:35

மழையில் நடந்தே வந்தார். கட்டைவிரலைத் துண்டில் இரண்டு முறை துடைத்து வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. திரையில் வந்தது: "பாடு மாற்றம் பதிவானது. வேம்பையன் படகு நாளை காலை ஆறு மணி முதல் வரலாம்."

கோபத்திலும் போதையிலும் பாட்டை மாற்றிக்கொண்டு அடித்துக்கொள்கிறார்கள் என்று அந்த ஒருநாள் கெடுவைச் சேர்த்தவளும் நான்தான். மறந்தே போயிருந்தேன்.

மாமா திரையைப் படித்தார். "இது யாரு போட்டது வாணி?"

"நான்தான் மாமா."

பிற்பகல் 3:10

கடப்பாரையால் அடித்தேன். கீறல்தான் விழுந்தது. உள்ளங்கை கிழிந்துவிட்டது. மாமா வாங்கி அடித்தார்.

"அக்கா, கதவுகிட்ட வந்துட்டோம். உன்னையும் மாமாவையும் தெரியுது. அடிக்காத, கை போயிரும். பட்டனை அமுக்கு."

பட்டன் இல்லையடா. பட்டன் இல்லை

3:14

படகுப் பலகை. ஒரு

ஐப்பசி 15. காலை 6:00

காற்று இல்லை. கதவு தானாகத் திறந்தது. ஒலிபெருக்கி: "வேம்பையன் படகு, உள்ளே வரலாம்."

6:40

உப்பு 31 கிராம், ஏறுகிறது. பாட்டுக்காரர் வரும்வரை மூடாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது. மாலை ஆறு வரை கூப்பிடும், பிறகுதான் மூடும். நிறுத்தச் சொல்லி மாமா என்னிடம் கெஞ்சுகிறார்.