மேடத்துக்குத் தெரியாத சிலுவை

அக்டோபர் 22, புதன்

விடியலிலிருந்து மழை. லாஞ்சு எதுவும் கடலுக்குப் போகவில்லை. எறா உரிக்கிற ஷெட் லீவு. கொடியில் போட்ட துணி மறுபடி ஈரம்.

வாங்க வேண்டியது: மெழுகுவத்தி பெருசு (கல்லறைக்கு), சுண்ணாம்பு, கொசுவத்தி, அரை கிலோ ரவை.

இந்த டைரி பெயிண்ட் கடையில் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தது. ஒரு பக்கம்கூட எழுதாமல் போய்விட்டார். நான் அஞ்சாவது வரைதான். எழுத்து கோணல். யார் பார்க்கப் போறாங்க.

லூர்து போனது வேளாங்கண்ணி கொடியேற்றத்துக்கு முந்தின வாரம். காட்டுப்பள்ளியில் ஒரு நாள் பெயிண்ட் வேலைன்னு வண்டியில் போனார். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி. அவ்வளவுதான். அதைப் பற்றி இதுக்கு மேல் எழுதப் போறதில்லை.

எழுத வேண்டியது அந்த நம்பரைப் பற்றி. அவர் போனில் "மேடம்" என்று மட்டும் இருக்கும். பேர் கிடையாது. தெற்கே கடலோரம் அணு கரண்ட் கம்பெனியில் கான்ட்ராக்டில் பெயிண்ட் அடிக்கப் போவார், சனிக்கிழமை வருவார். ஞாயிறு பூசை முடிந்ததும் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மேம்பாலத்துக்குக் கீழே நின்று அந்த நம்பரோடு பேசுவார். சிரித்துப் பேசினாலாவது பரவாயில்லை. தலையைக் குனிந்துகொண்டு, மெதுவாக, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணுகிற மாதிரி.

பிலோமினா அக்கா அவருக்கு அக்கா, எனக்கு நாத்தனார். அவளே ஒரு நாள் சொன்னாள். "இன்னாடி அமலா, உன் ஊட்டுக்காரன் ஞாயித்துக்கெயம ஆனா பாலத்தாண்ட நின்னுகினு தொரை மாரி பேசிகினு கீறான்? யாரு அவ?"

யார் அவன்னு நான் கேட்டேன். "வேலை விசயம்"னு சொன்னார். என்ன வேலைன்னேன். "கீது"ன்னார். என்கிட்ட அவர் பேச்சு அவ்வளவுதான்.

அவர் போன பிறகும் ஞாயிறு ஆனால் அந்த நம்பர் அடிக்கும். எடுக்க மாட்டேன். போன ஞாயிறு எடுத்தேன். "லூர்து இருக்காரா?" என்றாள். அண்ணன் இல்லை, சார் இல்லை. லூர்து. "செத்துட்டார்"னு சொல்லி வைத்தேன். திரும்ப அடித்தாள். அழுதாளா, சளியா, தெரியவில்லை. நேரில் வரட்டுமான்னு கேட்டாள். வா, மூஞ்சியைப் பார்க்கிறேன்னு நினைத்துக்கொண்டு "வாங்க" என்றேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

வானம் மூடாக்கு. மழை இல்லை. சிலிண்டர் காலி, மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சமையல். காலி சிலிண்டரை வாசலில் வைத்தேன்.

வந்துவிட்டாள். வண்ணாரப்பேட்டை வரைக்கும் மெட்ரோ, அப்புறம் ஆட்டோ. நாற்பது வயசு இருக்கும். கண்ணாடி, காட்டன் புடவை, கழுத்தில் ஒன்றுமில்லை. பேர் நித்யா. இன்ஜினியர். அழகு இல்லை. பிலோ அக்காவும் பார்த்துவிட்டு என் காதில், "இதுக்கா இத்தினி நாளு பேஜாரானே?"

டீ போட்டுக் கொடுத்தேன். வேண்டாம் என்றாள். தண்ணிகூட அவள் பாட்டிலில் இருந்து.

"தப்பா நினைக்காதீங்கம்மா. ரெண்டு பக்கமும் எதுவும் வாங்கிக்கறதில்லை. கம்பெனியிலயும் டீ குடிக்க மாட்டேன்."

பிலோ அக்காவுக்குக் கோபம். "ஓகோ. அப்ப நாங்களும் கம்பெனியும் ஒண்ணு. தே பாரு அமலா, ஒரே நாள்ல நீ மொதலாளி ஆய்ட்ட."

அதுக்கு அவள் சிரித்தாள். பல் வரிசை நன்றாக இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அவள் சொன்னது: அவள் கம்பெனி ஆளும் இல்லை, கவர்மென்ட் ஆளும் இல்லை. அங்கே வேலை செய்கிற யாருக்காவது ஆபத்துன்னு பயம் வந்தால் அவளிடம் சொல்லலாம். அந்தப் பயம் சரியா தப்பான்னு தனியாகப் போய்ப் பார்த்து எழுதிக் கொடுப்பது அவள் வேலை. சொன்னவர் பேரை வெளியே விட மாட்டாள். லூர்து அப்படித்தான் அவளிடம் சொல்லியிருக்கார்.

என்ன பயம்னு கேட்டேன். எனக்குப் புரிகிற மாதிரிதான் சொன்னாள். உலையை நிறுத்தினாலும் சூடு அடங்காதாம். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுகிற மாதிரி. அதுக்குத் தண்ணி ஓடிக்கொண்டே இருக்கணும். புயலில் கரண்ட் போனால் டீசல் இன்ஜின் ஓடித் தண்ணி தள்ளும். அந்த இன்ஜின் ரூமுக்கு ஒயர் போகிற ஓட்டைகள் சுவரில் நிறைய இருக்கு. ஒயரைச் சுத்தி நெருப்பும் தண்ணியும் போகாத பூச்சு வைத்து அடைக்கணும். ஒரு இடத்தில் கான்ட்ராக்ட் மேஸ்திரி சாக்கைத் திணித்து, மேலே சிமெண்ட் பூசி, லூர்துவை பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருக்கான். இவரும் அடித்துவிட்டார்.

"எந்த இடம்னு அவர் சொல்ல இருந்த ஞாயித்துக்கிழமைதான்..." என்று நிறுத்தினாள். "எல்லாச் சுவரும் ஒரே சாம்பல் கலர்மா. பேப்பர்ல எல்லாம் சரின்னு கையெழுத்து இருக்கு. மொத்தத்தையும் உடைச்சுக் காட்டச் சொல்ல முடியாது. ஒரு இடத்தைக் காட்டினா திறக்கச் சொல்லலாம். வீட்டுல ஏதாவது சொல்லியிருக்காரா?"

"அவர் பொய் சொன்னார்னு நினைக்கறீங்களா?"

"இல்லம்மா. ஆனா நானே பார்க்காம உண்மைன்னும் எழுத மாட்டேன்."

இத்தனை நாள் அவரோடு பேசிவிட்டு இப்படி ஒரு பேச்சு. நானாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருப்பேன்.

ராத்திரியில் தூக்கம் வரலைன்னு அவளிடம் சொன்னாராம். சாக்கு நனைஞ்ச வாசனை மூக்கிலேயே இருக்குன்னு சொன்னாராம். என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, என்னிடம் சொல்லாமல், அவளிடம்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு சொன்னேன். போய்விட்டாள்.

அக்டோபர் 27, திங்கள்

ஷெட்டுக்குப் போனேன். எறா பொடிசு. கை எரிச்சல். மஞ்சள் தடவினேன்.

தெரியாதுன்னு சொன்னது பொய்.

அவருக்கு ஒரு பழக்கம். உள்ளே சரியில்லாத சுவருக்கு மேலே பெயிண்ட் அடிக்கச் சொன்னால், முடித்த பிறகு கடைசியில், தரையை ஒட்டி, ஈர பெயிண்டில் கட்டைவிரல் நகத்தால் சின்னதாகச் சிலுவை கீறுவார். நல்ல சுவருக்குக் கீற மாட்டார். கல்யாணமான புதுசில் நம் வீட்டுச் சமையல் மூலையில் ஓதம் ஏறி உப்பியது. வீட்டு ஓனர் பூச்சு வேலை செய்யாமல் மேலாக அடிக்கச் சொன்னார். அடித்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கீறினார். என்னங்க அதுன்னு கேட்டேன். "உள்ள நோவு கீது. வெளிய பவுடர் போட்டுகினு கீறேன். ஆண்டவருக்கு ஒரு சாட்சி வேணாமா?"

அன்றைக்கு என்கிட்ட பேசினார். அப்போதெல்லாம் பேசுவார்.

அந்தக் கட்டைவிரல் நகம் சின்ன வயசில் சுத்தியல் பட்டுப் பிளந்தது. எப்போதும் நடுவில் பிளந்தேதான் வளரும்.

இந்த வீட்டுச் சிலுவை சிலிண்டருக்குப் பின்னால் இருக்கும். நேத்து சிலிண்டர் இல்லை. மேடம் சரியாக அந்த மூலையில்தான் உட்கார்ந்தாள். தரையில் ஊன்றின கை அதன் மேலேயே பட்டது. பார்க்கவில்லை. அவ்வளவு படித்த கண்.

அந்தக் கம்பெனி சுவரிலும் கீறாமல் வந்திருக்க மாட்டார். அவளுக்கு அவர் தூக்கம் தெரியும், பயம் தெரியும். இது தெரியாது. இது ஒன்று எனக்கு இருக்கட்டும்.

அக்டோபர் 29, புதன்

மழை. தெருவில் கணுக்கால் தண்ணி. வங்கக்கடலில் இன்னொரு புயல் உருவாகுதுன்னு டி.வி.யில். எது எப்போ வரும்னு இந்த மாசத்தில் யார் சொல்ல முடியும்.

டோல்கேட்டில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றேன். பக்கத்தில் பூக்காரி ரெண்டு பேர்.

"பொயல் வந்தா கரண்ட்ட புடுங்கிடுவானுங்கோ."

"புடுங்கட்டுமே. மெயுகுவத்தி கீது. கரண்ட் இல்லாம செத்துட மாட்டே நீ."

சிரித்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோசைக்கல் ஞாபகம்.

சாயங்காலம் அவள் போன். "ஏதாவது ஞாபகம் வந்துச்சாம்மா?"

இல்லைன்னு சொன்னேன்.

"பரவாயில்லை. மழை வந்தா எனக்கும் தூக்கம் வர மாட்டேங்குது."

எனக்கும் என்றாள். அதாவது அவருக்கும் அவளுக்கும். அந்த 'ம்' எனக்குப் பொறுக்கவில்லை. வைத்துவிட்டேன். குழம்பு அடிப்பிடித்தது.

கம்பெனி பக்கத்திலும் மீன்காரக் குப்பங்கள் இருக்குன்னு அவர் சொல்லியிருக்கார். நம்ம ஜனம் மாதிரிதான்னு. இதை ஏன் எழுதினேன்னு தெரியவில்லை.

அக்டோபர் 31, வெள்ளி

வெயில். கல்லறைக்குப் போனேன், பிலோ அக்காவோடு. புல் பிடுங்கி, கழுவி, சுண்ணாம்பு அடித்தோம். பக்கத்துக் கல்லறையில் யாரோ கொக்கோகோலா பாட்டிலில் பூ வைத்திருந்தார்கள்.

ஒவ்வொரு வருசமும் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் அவர்தான் டப்பாவும் பிரஷ்ஷுமாக வந்து பாதி ராயபுரத்துக்குச் சிலுவையில் பேர் எழுதுவார். இந்த வருசம் வேறு ஒரு பெயிண்டர். அவர் சிலுவைக்கும் அவன்தான். மரம் மழையில் ஊறிப் போய் இருந்தது. தேய்க்கவில்லை, காய விடவில்லை, கறுப்பை எடுத்து இழுத்துவிட்டான்.

"உள்ள ஈரம் கீது பா. மேல அடிச்சா உப்பிக்கும்" என்றேன்.

"ஞாயித்துக்கெயம ஜோரா இருக்கும்க்கா. அத்தோட சரி. அப்பால யாரு பாக்கறா?"

பிலோ அக்கா அவனைச் சும்மா விடுவாளா. "டேய், அது பெயிண்டரு கல்லறைடா. அவன் பாப்பான்டா, பேமானி!"

எல்லாரும் சிரித்தார்கள். அவனும். நான் ஈர மரத்தைத் தொட்டேன். கறுப்பு விரலில் வந்தது.

பூச்சை அவனையே வழிக்கச் சொன்னேன். காய்ந்ததும் சனிக்கிழமை நான் வந்து எழுதிக்கிறேன்னு சொல்லிவிட்டேன்.

நவம்பர் 2, ஞாயிறு. கல்லறைத் திருநாள்

நேத்து பேர் எழுதினேன். 'லூ' பெரிசாகப் போய்விட்டது, 'து'க்கு இடம் நெருக்கம். இருக்கட்டும்.

சாமியார் தீர்த்தம் தெளித்தார். கூட்டம். மெழுகுவத்தி நிற்கவில்லை, காத்து. ஜெபம் முடிந்ததும் பிலோ அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மேம்பாலத்துக்குக் கீழே போனேன். அவர் நிற்கிற இடம். அவர் போனிலிருந்து "மேடம்".

உடனே எடுத்தாள். லூர்துன்னு நினைத்தாளோ.

"அமலாதான் பேசறேன். சுவருக்குக் கீழே பாருங்க. தரையை ஒட்டி."

சொன்னேன், சிலுவையைப் பற்றி. சாட்சியைப் பற்றியும்.

"என்கிட்ட அவர் இதைச் சொன்னதே இல்லையேம்மா."

எவ்வளவு சந்தோசமாக இருந்தது எனக்கு! கல்லறையிலிருந்து வந்த காலோடு அப்படி ஒரு சந்தோசம். ஆண்டவர் மன்னிக்கட்டும்.

அப்புறம் அவள், "சிலுவையை வெச்சு அது அவர்னு யாராவது கண்டுபிடிக்கலாம். பரவாயில்லையா? அவர் பேரை வெளியே விடறதில்லைன்னு வாக்கு கொடுத்திருக்கேன். இனி நீங்கதான் சொல்லணும்."

"செத்தவரை என்ன வேலையை விட்டா நிறுத்தப் போறாங்க? போய்ப் பாருங்க."

வைக்கிறதுக்கு முன்னால் கேட்டுவிட்டேன். என்னைப் பற்றி ஏதாவது சொல்வாரா?

"ஒவ்வொரு தடவையும் சீக்கிரம் வெச்சுடுவார்மா. வீட்ல சாப்பிடாம காத்துக்கிட்டு இருப்பாங்கன்னு."

காத்துக்கொண்டுதான் இருந்தேன். தெரிந்து வைத்திருந்திருக்கார். அதை வந்து என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னால் என்ன.

நவம்பர் 6, வியாழன்

மறுபடி மழை. சிலிண்டர் வந்தது. அதே மூலையில் இழுத்து வைத்தேன். ஷெட்டில் ஐஸ் வரவில்லை, பாதியில் அனுப்பிவிட்டார்கள்.

மத்தியானம் மேடம் போன்.

கிடைத்துவிட்டதாம். இன்ஜின் ரூமுக்கு அடுத்த ரூமில், மூலையில், தரையை ஒட்டி. போட்டோ எடுக்க அங்கே விட மாட்டார்களாம். அவள் தரையில் படுத்து டார்ச் அடித்துத்தான் பார்த்தாளாம். நேராக மேலே ஓட்டையைத் திறக்கச் சொன்னாளாம். சாக்கு. ஈரம். இப்போ மற்ற ஓட்டைகளையும் திறந்து பார்க்கச் சொல்லி எழுதப் போறாளாம்.

"அவர் சொன்னது உண்மைம்மா. எழுதிடுவேன்."

இப்போ எழுது.

இன்னொன்றும் சொன்னாள். அந்தச் சுவரை அடி வரைக்கும் உடைத்துத்தான் புதுசாக அடைக்க முடியுமாம். சிலுவை போய்விடுமாம். "உங்ககிட்ட சொல்லாம செய்ய மனசு வரலை." என்னிடம் கேட்கணும்னு அவளுக்கு என்ன அவசியம். உடைங்கன்னு சொன்னேன். உடைக்கத்தானே அவர் கீறினது.

"தொட்டீங்களா?" என்றேன்.

"தொட்டேன்மா" என்றாள்.

அப்புறம், "ஒண்ணு கேக்கணும். சிலுவையில ஒவ்வொரு கோடும் ரெட்டையா இருந்துச்சு. பக்கத்துல பக்கத்துல ரெண்டு கீறல். ஏன் அப்படி?"

தெரியாதுன்னு சொல்லிவிட்டேன்.