பச்சைப் பொட்டலமும் மைனஸ் காட்டிய மீட்டரும்

அன்புள்ள யூன்-சின்னுக்கு அம்மா எழுதுவது.

துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் ஃபைபர் வேலை, எழுபத்திரண்டு வீடு, பதித்ததும் நாமே, இனிப் பராமரிக்கப் போவதும் நாமே என்று நேற்றுப் பகல் கையெழுத்தாகிவிட்டது. இதை முதலில் சொல்லாவிட்டால் நலம் விசாரிக்கும் வரிகளைத் தாண்டிக்கொண்டு போய்விடுவாய், உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதா. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நம் கீலுங் ஊர் மழை எங்களைவிட நன்றாக இருக்கிறது. உன் உடம்பு எப்படி, ராட்டர்டாம் குளிரில் தொண்டை கட்டவில்லையே, சோறு ஆக்கிச் சாப்பிடுகிறாயா அல்லது ரொட்டியிலேயே நாளை ஓட்டுகிறாயா, ஒளிக்காமல் எழுது. எழுதும்போதே சிரிப்பு வந்து பேனா இரண்டு முறை நின்றுவிட்டது, அதனால் எழுத்து கோணியிருந்தால் அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று நினைக்காதே. என்ன விலைக்கு முடித்தேன் என்பதைக் கடைசியில்தான் சொல்வேன், சரக்கைப் பார்க்காமல் விலை கேட்டவர்களுக்கு நான் இதுவரை எதையும் விற்றதில்லை.

இந்தத் தொழிலில் கம்பி பதிப்பவனுக்கு மிஞ்சுவது டீச் செலவுதான், வருஷா வருஷம் பராமரிப்பவனுக்குத்தான் சோறு என்று உனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். குடியிருப்போர் சங்கத் தலைவி யென் அம்மாள் அதைத் தெரிந்துகொண்டுதான் நிபந்தனை போட்டாள். சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் எழுபத்திரண்டு வீட்டுக்கும் டெஸ்ட் கணக்கு சரியாக அவள் கையில் இருக்கவேண்டும், இல்லையென்றால் பதித்த ஃபைபரை நம் செலவில் உருவிக்கொண்டு போகவேண்டும், தைபேயிலிருந்து பெரிய கம்பெனி வரும். டெஸ்ட் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கீழ்த்தளப் பெட்டியில் ஒரு விளக்கு, மாடியில் வீட்டுக்குள் ஒரு மீட்டர், கீழே அனுப்பிய வெளிச்சத்தில் வழியில் எவ்வளவு குறைந்தது என்று மீட்டர் சொல்லும். ஆனால் தொடங்குமுன் விளக்கையும் மீட்டரையும் சின்ன ஒயரால் நேராக இணைத்து, இதுதான் முழு வெளிச்சம், இதற்குப் பூஜ்யம் என்று மீட்டருக்குச் சொல்லிவைக்க வேண்டும். அது நம் டெக்னீஷியன் பாவ்-லுங்கின் வேலை. பெட்டியின் தலையில் பச்சைப் பொட்டலம் வைப்பதும் அவன் வேலைதான், அதை மட்டும் வேறு யாரையும் தொடவிட மாட்டான். அதே தேங்காய் ருசிச் சோளப்பொரிதான், மெஷின் சமர்த்தாக இருக்கவேண்டும் என்று வைப்பார்களே, நீ ஏழு வயதில் நம் கடை மெஷின் மேலிருந்ததைத் தின்றுவிட்டு உதை வாங்கினாயே அது. பச்சையாக இருக்கவேண்டும், தேதி தாண்டியிருக்கக் கூடாது, யாரும் தின்னக் கூடாது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு பாவ்-லுங் படியில் தாவித் தாவி வந்தான். முதல் வீட்டில் மைனஸ் பாயிண்ட் மூன்று, இரண்டாவதில் மைனஸ் பாயிண்ட் இரண்டு, ஒரு மாடி முழுக்க மைனஸ். “முதலாளியம்மா, நம்ம லைன்ல நஷ்டமே இல்ல, லாபம் வருது” என்றான். ஒரு கோப்பைத் தேநீர் குடிக்கும் நேரம் நானும் அந்த மடத்தனத்தில் சந்தோஷமாக இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். யென் அம்மாள் தாளை வாங்கிக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். “அனுப்புனதைவிட அதிகமா வந்து சேருதாக்கும்? முப்பது வருஷம் துறைமுகச் சுங்கத்துல உக்காந்திருந்தேன், வழியில குட்டி போடுற சரக்கை நான் பாத்ததே இல்ல. மிச்சம் வர்ற வெளிச்சத்தை எங்க மாடிப்படி பல்புக்குக் குடுத்துருங்க, கரண்ட் பில்லாவது குறையட்டும்” என்று சொல்லித் தாளைத் திருப்பித் தந்துவிட்டாள்.

பாவ்-லுங் நேராகக் கீழ்த்தளத்துக்கு ஓடினான். பெட்டியின் மேல் இருந்தது மஞ்சள் பொட்டலம். அவன் முகம் போன போக்கை நீ பார்த்திருக்கவேண்டும். “மஞ்சளை எவன் வெச்சான்? மஞ்ச லைட் எரிஞ்சா மெஷினுக்குக் கேடுன்னு குழந்தைக்குக்கூடத் தெரியுமே” என்று கத்த, ஒத்தாசைக்கு வந்திருந்த உன் அப்பா கூரையில் ஓடும் தண்ணீர்க் குழாயை முதன்முறையாகப் பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, “காலையில நீங்க ரெண்டு பேரும் எனக்குச் சாப்பாடு வாங்கித் தரல, பசிச்சுது, தின்னுட்டேன். முக்குக் கடையில பச்சை தீந்துபோச்சு, சும்மா விடாம மஞ்சள் வாங்கி வெச்சேனே, அதுக்கு நன்றி கிடையாதா” என்றார். பாவ்-லுங் மழையில் மூன்று கடை ஏறி இறங்கிப் பச்சை வாங்கி வந்தான், தேதி பார்த்தான், கும்பிட்டான், மறுபடி அளந்தான். மறுபடியும் மைனஸ். வெள்ளிக்கிழமை முழுக்க அவன் பொட்டலத்தை இடப்பக்கமும் வலப்பக்கமும் நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தான், நான் உருவப்போகும் ஃபைபரைச் சுற்றி வைக்க எத்தனை உருளை வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கடைக்கு ஒருவர் ஒயரைச் சுவரில் அடிக்கும் கிளிப் வாங்க வந்தார், எடை போட்டுத்தான் கொடுப்பேன். தட்டை வைத்துப் பூஜ்யம் அழுத்தினேன், கிளிப்பைக் கொட்டினேன், அவர் பையில் போட்டுத் தட்டை எடுத்தேன், தராசு மைனஸ் காட்டியது. இருபது வருஷமாகத் தினமும் பார்க்கிற மைனஸ், அன்றுதான் கண்ணில் பட்டது. மிச்சக் காசைக் கொடுக்காமலே போனை எடுத்தேன், அந்த ஆள் பத்து நிமிஷம் முணுமுணுத்துக்கொண்டு நின்றார். பாவ்-லுங்கிடம், “பூஜ்யம் வெச்சப்ப தட்டுல என்னமோ இருந்திருக்கு, அப்புறம் அதை எடுத்துட்ட. என்ன அது?” என்று கேட்டேன். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. “இது கருவாடு இல்ல முதலாளியம்மா, வெளிச்சம்” என்றான். அளந்து கொடுக்கிற எதுவும் எனக்குக் கருவாடுதான் என்றேன். பிறகுதான் அவனே சொன்னான், வியாழன் காலை பூஜ்யம் வைத்த பிறகு, முதல் வீட்டுக்குப் போகுமுன், பழக்கதோஷத்தில் ஒயர் நுனியை உருப்பெருக்கியில் பார்த்தானாம், கறை இருந்ததாம், துடைத்தானாம். துடைக்குமுன் எடுத்த படம் அதிலேயே இருந்தது. நுனி முழுக்க எண்ணெய், நடுவில் பொன்னிறமாக ஒரு துணுக்கு. அழுக்கோடு பூஜ்யம் வைத்துவிட்டு அழுக்கைத் துடைத்தால் வெளிச்சம் கூடத்தானே செய்யும், அதன் பிறகு எத்தனை முறை அளந்தாலும் பழைய பூஜ்யம் பழைய பூஜ்யம்தான். அன்று காலை ஒயரின் மூடியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தது யார் என்று கேட்டேன். என் முதுகுக்குப் பின்னால் உன் அப்பா, “அவனுக்கு ரெண்டு கையிலயும் வேலை. ஒத்தாசை பண்ணேன். விரல்ல கொஞ்சம் தேங்காய் வாசனை இருந்திருக்கலாம்” என்றார். போனுக்குள்ளிருந்து பாவ்-லுங், “நான் சொன்னேன்ல, பொட்டலம்தான் காரணம்னு” என்று ஜெயித்தவன்போலக் கூவினான். அவன் சொன்னதும் சரி நான் சொன்னதும் சரி என்று ஆனபிறகு யாரைத் திட்டுவது, மூன்று பேரும் சிரித்தோம், கிளிப் வாங்க வந்த ஆளும் காரணம் தெரியாமல் சேர்ந்து சிரித்தார்.

சனி காலை ஆறு மணிக்கு யென் அம்மாளை இரவு உடுப்போடு கீழ்த்தளத்துக்கு இறக்கி, அவள் கண்ணெதிரே நுனியைத் துடைத்து, படம் காட்டி, பூஜ்யம் வைத்தோம். முதல் வீடு, பிளஸ் பாயிண்ட் மூன்று. வெளிச்சம் கொஞ்சம் குறைந்துதான் வந்திருந்தது. ஒரு நஷ்டத்தைப் பார்த்து நான் கைதட்டியது என் வியாபார வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஏழாம் மாடியில் ஒரு வீட்டில் மட்டும் அளவுக்கு மீறிக் குறைந்தது, பாவ்-லுங் சிவப்பு விளக்குப் பேனாவை அடித்துப் பார்த்தால் மீன்தொட்டிக்குப் பின்னால் ஃபைபர் மடங்கி, மடிந்த இடம் தீக்கங்குபோல மின்னுகிறது. வீட்டுக்காரரும் மகளும் தொட்டியைத் தூக்க, மீன்கள் எல்லாம் ஒரு மூலைக்கு ஓட, ஒயரை நேராக்கினோம், கணக்கு சரியாகிவிட்டது. ஒன்பதாம் மாடிக்காரர் குளித்துக்கொண்டே, “சாவி செருப்புக்குள்ள இருக்கு, நீங்களே தொறந்துக்கங்க” என்றார். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் எழுபத்திரண்டாவது வீடு முடிந்தது. யென் அம்மாள் தாளை மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்துவிட்டு, “எல்லா வீட்லயும் கொஞ்சம் கொஞ்சம் குறையுது, இப்பத்தான் நம்புற மாதிரி இருக்கு” என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டாள், விலை பேச.

உன் அலுவலகத்தில் சம்பளம் இத்தனை சதவீதம் கூட்டித் தருகிறோம் என்று தாளை நீட்டினால், எதைப் பூஜ்யமாக வைத்துக் கூட்டினார்கள் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடு. உன் கட்டிலுக்குப் பின்னால் ஒயர் மடங்கியிருக்கிறதா என்றும் குனிந்து பார், இணையம் மெதுவாக இருக்கிறது என்று போன மாதம் அழுதாயே. ஏப்ரலில் முன்னோர் கல்லறை துடைக்கும் நாளுக்கு வருவதாகச் சொன்னாய், டிக்கெட்டை இப்போதே எடு, அப்புறம் விலை ஏறிவிட்டது என்று என்னிடம் சொல்லாதே. நோய்நொடி இல்லாமல், நல்ல பசியும் நல்ல தூக்கமுமாக, நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும் அம்மா.

இப்படிக்கு உன் அம்மா,
சாய் ஷியூ-மான்

விலை. நான் அறுபத்தைந்து கேட்டேன், அவள் ஐம்பதில் தொடங்கி ஐம்பத்துநான்குக்கு வந்து நின்றாள். நாலு என்று சொன்னாலே சாவு என்று காதில் விழும், விலையில் நாலு இருந்தால் வீட்டுக்கு ஆகாதே அக்கா என்று பயந்தவள்போலச் சொன்னேன், அவளும் பயந்தவள்போலக் கேட்டாள். முடிந்தது இது: ஐந்து வருஷம், வீட்டுக்கு மாதம் ஐம்பத்தாறு டாலர், லைன் போனால் மூன்று மணி நேரத்துக்குள் ஆள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எழுபத்திரண்டு வீட்டுக்கும் டெஸ்ட், பூஜ்யம் வைப்பது தலைவியின் கண்ணெதிரே, பச்சைப் பொட்டலம் நம் செலவில், உன் அப்பா பெட்டியிலிருந்து மூன்று எட்டு தள்ளி.