இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறிய சூப்பர்ஹீரோ

ஜூன் 3, செவ்வாய்

வேனில் ரிவர்ஸ் கியர் இன்றைக்கும் மக்கர். லிஃப்ட் உள்ள கட்டிடத்துக்குக் கடித உறையும், லிஃப்ட் இல்லாத கட்டிடத்துக்கு சிமென்ட் மூட்டை கனத்தில் பெட்டியும் அனுப்ப வேண்டும் என்று யாரோ எங்கள் பார்சல் ஆபீசில் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

சாப்பிடும்போது மகள் வாயே திறக்கவில்லை. வீடியோ கேம் கம்பெனியில் வேலை. ஒரு சூப்பர்ஹீரோ கேம், முழுக்க அவளே யோசித்தது. கதை என்னவென்று கேட்டால், "முடிஞ்சதும் பாருப்பா." இரண்டு வருஷமாக முடிந்துகொண்டே இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

இன்று விஷயம் வெளியே வந்தது. கேமில் ஒரு துண்டைத்தான் செய்திருக்கிறார்களாம். அவளுடைய மேலதிகாரி சம்மதித்தால்தான் மீதி. அந்த ஆள் வீட்டுக்குள்ளும் குல்லா போடுகிற ஜாதி, அதனால் என் அகராதியில் குல்லா. வெளியாட்களைக் கூப்பிட்டு ஆடவிட்டுப் பார்க்கிறார்கள். வந்த சின்ன வயசுக்காரர்கள் எல்லாரும் "ரொம்ப ஸ்லோ" என்று எழுந்து போய்விட்டார்கள்.

"உன் வயசுல ஒருத்தர் ஆடினா புரியும்பா. சனிக்கிழமை வர்றியா?"

"எனக்கு டிவி ரிமோட்டே அடங்க மாட்டேங்குது."

"பரவால்ல. மனசுல என்ன தோணுதோ அதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே ஆடணும். அங்க அதான் ரூல். என் அப்பான்னு மட்டும் சொல்லிடாதே."

வாயைத் திற என்று என்னை ஒருவர் கூப்பிடுவது, பல் டாக்டருக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

ஜூன் 14, சனி

சின்ன அறை. எதிரே பெரிய கண்ணாடி. அதில் எனக்கு நான்தான் தெரிகிறேன், ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து மகளும் மற்றவர்களும் என்னைப் பார்க்கலாமாம். சட்டையில் மைக். வாசலில் கைகட்டி குல்லா.

திரையில் ஹீரோவின் முதுகு மட்டும் தெரிகிறது. வயதான ஆள். பறக்கிற சக்தி உண்டு, ஆனால் ஒவ்வொரு தடவை பறந்தாலும் வயது கூடும். அதனால் முடிந்தவரை படியேற வேண்டும். மாடியில் தீ, ஒரு பெண் கத்துகிறாள். இவனோ இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, இன்னும் எத்தனை மாடி என்று அண்ணாந்து பார்த்து, மூச்சு வாங்கி...

எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"இவன் போய்ச் சேர்றதுக்குள்ள தீ தானா அணைஞ்சிடும்."

"இவனுக்கு வில்லன் எதுக்குங்க? படிக்கட்டு போதும்."

"இவனைக் காப்பாத்த முதல்ல ஒரு ஹீரோவை அனுப்புங்கப்பா!"

குல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் குறிப்பெடுத்த பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நான் விடுவேனா, இன்னும் இரண்டு எடுத்துவிட்டேன்.

திரும்பும்போது, "எப்படிம்மா, கலக்கிட்டேன்ல?" என்றேன். "ம்" என்றாள். களைப்பு போல.

ஜூன் 15, ஞாயிறு

மகள் அறையை விட்டு வெளியே வரவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

கேம் கிடையாதாம். ஊற்றி மூடிவிட்டார்கள்.

பணம் போடுகிறவர்கள் கூட்டத்தில் குல்லா என் வீடியோவை வெட்டி ஒட்டிப் போட்டுக் காட்டியிருக்கிறார். "அந்த வயசுக்காரரே இப்படிச் சிரிச்சா வேற யாரு ஆடுவா?" அத்தனை பேரும் சிரித்தார்களாம். மகள் இதை அழாமல், செய்தி வாசிப்பது போலச் சொன்னாள்.

"அந்தக் குல்லாவுக்குள்ள தலைன்னு ஒண்ணு..." என்று ஆரம்பித்தேன்.

"போதும்பா."

அவன் எப்படியும் கழுத்தை அறுக்கக் கத்தி தேடிக்கொண்டிருந்தவன். நான்தான் தீட்டி, துடைத்து, கைப்பிடிப் பக்கமாக நீட்டியிருக்கிறேன்.

ஜூன் 26, வியாழன்

துணி மடித்துக்கொண்டே என் மனைவி கேட்டாள்:

"என்னங்க, அது நீங்கதான்னு நிஜமாவே தெரியலையா?"

"எது?"

"படியேறுற அந்த ஆளு. லீவு நாள்ல வேன்ல கூடவே வந்து, நீங்க பெட்டி தூக்கிட்டு ஏறுறதைப் பின்னாலேருந்து வீடியோ எடுத்தாளே. எதுக்குன்னு நெனச்சீங்க?"

பொழுதுபோகாமல் எடுக்கிறாள் என்று நினைத்தேன். திரும்பிப் பல்லிளித்துக்கூடக் காட்டினேன். "முன்னால பாத்து நடப்பா" என்றாள்.

என் முதுகை நான் எங்கே பார்த்தேன்? அப்படியா ஏறுகிறேன் நான்?

"ஏன்டி சொல்லித் தொலைக்கல?"

"நீங்களா கண்டுபிடிப்பீங்கன்னு அவ ஆசைப்பட்டா."

தெரிந்திருந்தால் மட்டும்? உண்மையைச் சொன்னால், இன்னும் ரெண்டு மடங்கு கிண்டல் பண்ணியிருப்பேன். என்னை நானே கேலி செய்துகொள்வதுதானே என் பிழைப்பு. மற்றவன் சிரிப்பதற்குள் நாம் சிரித்துவிட வேண்டும் — அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் அவள் இரண்டு வருஷம் அந்த நடையை உட்கார்ந்து வரைந்திருக்கிறாள். ஒரு நாள்கூட அவளுக்குச் சிரிப்பு வரவில்லையா? இந்த நடையைப் பார்த்தா?

பாவி. பாவி வாய்.

ஜூலை 9, புதன்

தப்பு பண்ணிட்டேன்மா என்றேன்.

"மனசுல தோணினதைச் சொல்லச் சொன்னேன். நீ சொன்னே. உன் மேல என்ன தப்பு?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜூலை 20, ஞாயிறு

புது வேலை கொடுத்திருக்கிறார்களாம். ஒரே நிறத்தில் மூன்று பலூன் சேர்ந்தால் வெடிக்கும் விளையாட்டு. பலூனுக்கு நிறம் தேர்ந்தெடுக்கிறாள். குல்லாவுக்குப் பதவி உயர்வு. வாழ்க.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஆபீஸ் பக்கத்திலேயே அறை எடுத்துவிட்டாள். பெட்டிகளை ஏற்றிக்கொள்ள என் வேனை எடுத்து வருகிறேன் என்றேன். ஏற்கெனவே வேறு வண்டிக்குச் சொல்லியாகிவிட்டதாம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மகள் மதியச் சாப்பாட்டுக்கு வந்தாள். பலூன் விளையாட்டு சக்கைப்போடு போடுகிறதாம், பச்சைக்கு என்ன பச்சை என்பதில் மட்டும் சண்டையாம். மனைவி சிரித்தாள். என் நாக்கு நுனிக்கு ஒரு கிண்டல் வந்தது. நல்ல ஒன்று. சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டு, "குழம்பு போட்டுக்கோம்மா" என்றேன்.

மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"உடம்பு சரியில்லையாப்பா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

நம்பினாள் என்று தோன்றவில்லை. குழம்பு போட்டுக்கொண்டாள்.