ஆறு ஜோடிச் செருப்பு

செவ்வாய்க்கிழமை.

இன்று பட்டாசுக் கம்பெனிக்கு ஆய்வுக்கு ஆபீசர் வந்தார். வெடிமருந்து அறையில் சட்டப்படி நான்கு பேர்தான் இருக்கலாம்; தீபாவளி சீசன் என்பதால் ஆறு பேர். "யாரு கேட்டாலும் நாலுன்னே சொல்லுங்க, போர்மேன்" என்று முதலாளி காலையிலேயே சொல்லியிருந்தார். ஜீப் சத்தம் கேட்டதும் மாரியம்மாளும் இன்னொருத்தியும் பின்பக்கம் கருவேலங்காட்டுக்குள் ஓடினார்கள். அறைக்கு வெளியே கழற்றிய செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டார்கள்.

ஆபீசர் ஆறு ஜோடியையும் பார்த்தார். "உள்ள எத்தன பேரு வேல பாக்குறாங்க?"

நாலு பேர்தான், மிச்ச ரெண்டு ஜோடி டீ வாங்கப் போனவர்களுடையது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஞாயிறுதோறும் சபையில் 'பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக' என்று கர்த்தரின் பத்துக் கற்பனைகளை வாசிக்கிறவன் நான். "ஆறு பேரு சார்" என்றேன்.

அறைக்குச் சீல் வைத்தார்கள். முதலாளி திட்டவில்லை. "நாளைக்கு வர வேண்டாம்" என்றார், அவ்வளவுதான்.

செருப்பை எடுக்க மாரியம்மாள் நொண்டிக்கொண்டு வந்தாள். குதிகாலில் முள். "ஒங்க சாமி ஒங்களப் பாத்துக்கிடும் அண்ணாச்சி. தீவாளி வரைக்கும் எங்களுக்கு யாரு வேல தருவாக?"

சாவிக்கொத்திலிருந்த ஊக்கை நீட்டினேன். வாங்காமலே போய்விட்டாள்.

பொய் சொல்லவில்லை ஆண்டவரே என்று ஜெபிக்கத்தான் முழங்காலில் நின்றேன். அவள் முள்ளை எடுத்தாளோ என்னவோ என்றுதான் வாயில் வந்தது.