கருவாட்டுக் கடை முகவரி

அடியே,

இன்று காலை என் மேசைக்கு வந்த தபால் கட்டில் ஓர் உறை மட்டும் கருவாட்டு வாடை அடித்தது. பயிலுநர் ஒருவர் வேண்டும் என்று போன வாரம் எங்கள் நிறுவனம் விளம்பரம் போட்டிருந்தது. ஆறு மாதப் பயிற்சி, வணிகம் படிக்கிற பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம் என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். அந்த உறையை மூக்கருகே வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ, பக்கத்து மேசைப் பிள்ளை, "என்னங்க மிஸ், தலைவலியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அனுப்பியவர் முகவரி பதுளை பஜாரில் ஒரு கடை. எனக்குத் தெரியாதா? இது தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளை. கடை அட்ரஸை இரவல் வாங்கியிருக்கிறாள், நம்மைப் போல.

நீ போய் எட்டு மாதமாகிறது. உயிரோடு இருக்கும்போது சொல்ல வாய் வராததை இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். "செத்தவளுக்குக் கடுதாசி எழுதுற கழுத" என்று நீ சிரிப்பாய். நல்லா சிரி. சிரித்து முடித்ததும் கேள்.

அந்த வருஷம் நாம் பட்ட பாடு கொஞ்சமா? வணிக முகாமைத்துவ டிப்ளோமாவில் பாடமெல்லாம் முடித்தாகிவிட்டது. ஆறு மாதம் எங்காவது பயிற்சி எடுத்துக் கடிதம் கொண்டுவந்தால்தான் சான்றிதழ். இடம் தேடிக்கொள்வது அவரவர் பாடு. அந்த மாதம் முடிவதற்குள் தேடாவிட்டால் மூன்று வருஷப் படிப்பும் தண்ணீரில் போட்ட உப்பு. டவுன் பிள்ளைகளுக்கு ஒரு மாமா வங்கியில், ஒரு பெரியப்பா அரசாங்கக் கச்சேரியில். நமக்கு யார்? உன் அம்மா மடுல்சீமையில் கொழுந்து பறித்தார். என் அம்மா பசறைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறித்தார். கொழும்புக்குப் போகலாம் என்றால், யுத்தக் காலம். தமிழ்ப் பிள்ளைக்கு அறை கொடுக்க வீட்டுக்காரர்கள் பயந்தார்கள், அனுப்ப நம் வீட்டில் அதைவிடப் பயந்தார்கள்.

மடுல்சீமையிலிருந்து தினமும் பதுளைக்கு வந்துபோக முடியாது என்று கிழமை நாட்களில் எங்கள் லயத்து ஒற்றை அறைக் காம்பராவில்தான் இருந்தாய். ஒரே பாயில் படுத்தோம். ஒரே குடையில் பஸ்ஸுக்கு இறங்கினோம். பதுளையில் ஏறாத படி இல்லை. ஒரு வங்கியில் காவலாளியே நம்மைத் திருப்பி அனுப்பினான். ஒரு டயர்க் கடை முதலாளி, "கணக்கு எழுத ஆள் இருக்கு, டீ ஊத்தத்தான் ஆள் இல்ல" என்றார். நீ சிரித்துக்கொண்டே, "டீ ஊத்துனா கடிதம் குடுப்பீங்களாங்க?" என்று கேட்டாய். நான் உன் கையைக் கிள்ளி வெளியே இழுத்து வந்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உனக்கு மட்டும் எங்கிருந்துதான் அந்தச் சிரிப்பு வந்ததோ!

தொண்டு நிறுவனங்களைக் கேட்கலாம் என்றது நீ. நான் முகத்தைச் சுளித்தேன். எனக்கு வங்கி வேண்டும், மின்விசிறிக்குக் கீழே நாற்காலி வேண்டும். உனக்கு அப்படியில்லை. சந்தைப்படுத்தல் வகுப்பில் எல்லாரும் சவர்க்காரம் விற்பதைப் பற்றிக் கட்டுரை எழுத, உன் லயத்துப் பெண்கள் வீட்டுத் தோட்டத்து மரக்கறியை எப்படி விற்கிறார்கள் என்று நீ எழுதினாய். ஒவ்வொருத்தியும் தனித்தனியாகப் பசறைச் சந்தைக்குப் போய், வியாபாரி சொன்ன விலைக்குக் கொட்டிவிட்டு வருகிறாள். "பன்னெண்டு பொம்பளைங்க சேர்ந்து ஒரு தராசு வாங்கி, அவங்களே நிறுத்து வித்தா போதும்டி. மத்ததெல்லாம் தானா வரும்" என்பாய். அதைச் செய்து பார்க்க வேண்டும் என்பதுதான் உன் ஆசை. தோட்டங்களில் வேலை செய்கிற ஒரு நிறுவனம் பயிலுநர் ஒருவரைத் தேடுகிறது என்று பத்திரிகையில் பார்த்தபோது, பஸ்ஸிலேயே எழுந்து நின்றுவிட்டாய். ஒரே ஓர் இடம்தான். "ரெண்டு பேருமே போடுவோம். யாருக்குக் கிடைச்சாலும் வீட்டுக்குள்ளதானே" என்றாய்.

அப்போதுதான் முகவரிப் பிரச்சினை வந்தது.

தோட்டத்துத் தபால் கதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லாக் கடிதமும் ஒரே பையில் தோட்டத்து ஆபீசுக்கு வரும். கிளாக்கர் பிரித்து, கங்காணி கையில் கொடுத்து, அது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுக்கப்பட்டு, பக்கத்து லயத்துக்காரி மடியில் இருந்து நம் வீட்டுக்கு வருவதற்குள் நேர்முகப் பரீட்சை முடிந்து நாலு நாள் ஆகியிருக்கும். எனக்கு இரண்டு முறை அப்படிப் போயிற்று. "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்ங்கிறாங்க. நமக்குப் பூசாரி தபால் பைதான்" என்றாய். அதோடு, லயத்து நம்பரும் கீழ் டிவிஷனும் எழுதிய விண்ணப்பத்தைப் பார்த்ததுமே ஓரமாக வைத்துவிடுவார்கள் என்று நமக்கெல்லாம் ஒரு நிச்சயம். அதனால்தான் படித்த லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் டவுனில் ஒரு கடை அட்ரஸ் பிடித்து வைத்திருந்தோம்.

எனக்கு என் சித்தப்பா வேலை பார்த்த கருவாட்டுக் கடை. முதலாளி, "ஒரு ஆளுக்குத்தான். என் கட என்ன போஸ்டாபீசா?" என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

நீ உன் விண்ணப்பத்தில் மடுல்சீமை முகவரியை எழுதியிருந்தாய். நான் பிடுங்கிக் கிழித்தேன். "பைத்தியமாடி? தூக்கிக் குப்பையில போட்டுருவாங்க. என் கட அட்ரஸப் போடு."

"அப்ப உனக்கு?"

"எனக்குத் தோட்டத்து அட்ரஸ் போதும். எனக்கு அந்த வேலையில ஆசையா என்ன?"

நீ என் கழுத்தைக் கட்டிக்கொண்டாய். என்னிடம் இருந்த ஒரே நல்ல சாமான் அந்த முகவரி. அதை உனக்குக் கொடுத்தேன். அன்றைக்கு என் மனதில் ஒரு துளிக் கள்ளம் இல்லையடி. இதை மட்டும் நம்பு.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. நீ ஊருக்குப் போயிருந்தாய். மோட்டார் சைக்கிளில் ஒருவர் எங்கள் லயத்துக்கே வந்து என் பெயரைக் கேட்டார். அந்த நிறுவனத்து ஆள். "தோட்டத்துக்குக் கடிதம் போட்டா வராதுன்னு தெரியும், அதான் நேரா வந்தோம்" என்றார். திங்கட்கிழமை வரச் சொன்னார். உன்னையும் கூப்பிட்டிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். திங்கள் காலை கருவாட்டுக் கடையில் கேட்டோம். உனக்கு ஒன்றும் வரவில்லை. "எனக்கு நாளைக்கு வரும். நீ போ, நான் பஸ் ஸ்டாண்டுல இருக்கேன்" என்று என் சேலை மடிப்பைச் சரிசெய்து அனுப்பினாய்.

உள்ளே ஒரு யாழ்ப்பாணத்து ஐயா இருந்தார். மேசையில் இரண்டு கட்டு. ஒன்று மெல்லியது, உறைகள் பிரித்திருந்தன. மற்றது தடியானது, பிரிக்கவே இல்லை. அதில் மேலே இருந்தது உன் கையெழுத்து.

நான் பார்ப்பதை அவர் பார்த்தார். "அது டவுன் பிள்ளையளின்ர. இந்த வேலைக்குச் சரிவராது, பிள்ளை. லயத்துக்குள்ள போய் இருந்து கதைக்கத் தெரிஞ்ச ஆள்தான் எங்களுக்கு வேணும். தோட்டத்து விலாசத்தோட வந்தது நாலே நாலுதான்" என்றார்.

ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை. ஐயா, அவள் மடுல்சீமை லயத்துப் பிள்ளை, அந்த அட்ரஸ் என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கேட்டார்: "நீர் வந்தா என்ன செய்வீர்?"

பன்னிரண்டு பெண்களும் ஒரு தராசும் என்று சொன்னேன். என் வாயில் உன் வார்த்தை அப்படியே வந்தது, நீ கையை ஆட்டுகிற மாதிரிகூட ஆட்டினேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்ல யோசனை" என்று எழுதிக்கொண்டார். பிறகு எழுதிக்கொண்டே, "உங்கட கல்லூரியில வேற தோட்டத்துப் பிள்ளையள் ஆரும் இருக்கினமோ?" என்றார்.

"இல்லைங்க" என்றேன்.

ஏன் சொன்னேன்? எத்தனை வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மாதம் முடியப் பதினோரு நாள் இருந்தது. அடுத்த மாதம் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் பேர் பதிய வா என்று அம்மா சொல்லியிருந்தார். பேர் பதிந்தால் கூடைதான், அதற்குப் பிறகு மீள்வது ஏது? அந்த மேசைக்கு முன்னால் நீயும் இல்லை, நட்பும் இல்லை. மூழ்குகிறவள் கையில் அகப்பட்டதைப் பிடித்தாள், அவ்வளவுதான். இது சமாதானம் இல்லை. நடந்தது இது.

பஸ் ஸ்டாண்டில் பேக்கரியில் வாங்கிய இரண்டு பனிஸோடு காத்திருந்தாய். எடுத்துவிட்டார்கள் என்றதும் ஊரே திரும்பிப் பார்க்கக் கத்தினாய். பிறகுதான் மெதுவாகக் கேட்டாய்: "என்னைய ஏன்டி கூப்பிடவே இல்ல?"

"இங்கிலீசு பாக்குறாங்களாம்டி. ஒனக்குப் போதாதுன்னாங்க."

அது எப்படி அத்தனை சுலபமாக வந்தது? உன் முகம் சுருங்கவில்லை, அதுதான் கொடுமை. நீ தலையை ஆட்டினாய், எப்போதோ தெரிந்த ஒன்றை யாரோ சொன்ன மாதிரி. "ஆமா, அது சரிதான். எனக்கு அது ஏறவே இல்ல" என்றாய். பனிஸைப் பிய்த்து என் வாயில் வைத்தாய். நான் தின்றேன்.

மிச்சப் பதினோரு நாளில் நீ எந்த வாசலுக்கும் போகவில்லை. நான் வற்புறுத்தினேன். "போதாத ஆள் எங்க போனாலும் போதாத ஆள்தானே" என்று சிரித்தாய். உனக்குச் சான்றிதழ் வரவில்லை. மடுல்சீமையில் பேர் பதிந்தாய். கல்யாணத்துக்குக் கூப்பிட்டாய். வேலை இருக்கிறது என்று நான் வரவில்லை. வேலை ஒன்றும் இல்லை.

நான் இங்கேயே நிரந்தரமானேன். உன் தராசு இன்று ஏழு தோட்டங்களில் இருக்கிறது. கூட்டங்களில் கைதட்டுகிறார்கள். தட்டும்போதெல்லாம் எனக்குப் பனிஸ் தொண்டையில் நிற்கிறது.

ஒரு முறை பசறைச் சந்தையில் உன்னைப் பார்த்தேன், நினைவிருக்கிறதா? போஞ்சிக்காய் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டு மடிக்குள் மறைத்தாய். "சும்மாடி. அடுத்த தடவ ஏதாவது வந்தா சொல்லு, கொஞ்சம் தேறியிருக்கேன்" என்றாய். அந்த இடத்திலேயே உன் காலில் விழுந்திருக்க வேண்டும். "சொல்றேன்" என்றேன். அதற்குப் பிறகு எத்தனை இடம் வந்தது தெரியுமா? ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. நீ உள்ளே வந்தால், அந்த ஐயா உன்னைப் பார்த்தால், எல்லாம் வெளியே வந்துவிடுமே என்ற பயம். முதலில் ஒரு நாள் பொய் சொன்னேன். பிறகு ஒவ்வொரு வருஷமும் அதையே சொன்னேன்.

மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கென்று தோட்டத்து லொறியில் ஏற்றிய உன்னைப் பாதை பாதியிலேயே வைத்துக்கொண்டது. எனக்குச் செய்தி வந்தபோது நான் ஆபீசில், கூட்டத்துக்கு டீ சொல்லிக்கொண்டிருந்தேன்.

கருமாதிக்கு வந்தேன். சனம் கலையும்வரை இருந்துவிட்டு, அடுப்படியில் சட்டி கழுவிக்கொண்டிருந்த உன் அம்மாவுக்கு முன்னால் குந்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அட்ரஸ், இரண்டு கட்டு, தராசு, "இல்லைங்க" என்றது, இங்கிலீசு. ஒன்றையும் விடவில்லை. அடிக்கட்டும், காறித் துப்பட்டும் என்றுதான் சொன்னேன். அவர் கை சாம்பலோடு அப்படியே நின்றது.

"இங்கிலீசு போதலன்னு அவுங்க சொல்லலயா?"

"இல்லைங்கம்மா. நாந்தான் சொன்னேன். அவங்க அவ கவர பிரிக்கவே இல்ல."

"பிரிச்சிருந்தா?"

"அவளைத்தான் எடுத்திருப்பாங்க. அந்த யோசனை அவளோடதும்மா."

சட்டியைக் கீழே வைத்தார். "நான் அவளத் திட்டுவேன் தாயி. மூணு வருஷம் படிக்க வச்சு ஒண்ணுக்கும் ஒதவாமப் போயிட்டியேன்னு கொழுந்து மலையில வச்சே திட்டியிருக்கேன். அவளும், எனக்கு மூள அவ்ளோதாம்மான்னு சொல்லுவா." சேலையில் கையைத் துடைத்தார். "அப்ப எம் மக கெட்டிக்காரிதானா?"

"ஆமாங்கம்மா. என்னைவிட."

எழுந்தார். என்னைத் திட்டுவதற்கு அவருக்கு நேரம் இருக்கவில்லை. வெளியே போய்ப் பக்கத்துக் காம்பராக் கதவைத் தட்டினார். "ஏ புள்ள, கேட்டியா? எம் மக கெட்டிக்காரியாம்! ஆபீசுல எடுத்திருப்பாங்களாம்!" பிறகு அடுத்த கதவு. பிறகு அதற்கடுத்தது. லயத்தின் கடைசிவரைக்கும் அந்தக் குரல் போனது. நான் அடுப்படியிலேயே இருந்தேன். இன்னும் அங்கேதானடி இருக்கிறேன், ஒவ்வொரு கதவாகத் தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு.