வெறும் கல் சுற்றுகிறது

அக்கா,

கீழே பிள்ளைகள் வெடி கொளுத்தத் தொடங்கிவிட்டார்கள். வருடத்தின் கடைசி நாள், இன்னும் மத்தியானம்கூடத் தாண்டவில்லை. அதற்குள் இந்த ஜெர்மன் நகரம், கார்ல்ஸ்ரூஹே முழுக்கக் கந்தக வாடை. ஜன்னலைச் சாத்திவிட்டு உங்கள் கிரைண்டரைப் போட்டேன். உளுந்துகூடப் போடவில்லை. வெறும் கல் சுற்றுகிறது.

நீங்களும் இப்படித்தான். ஷெல்லடியில் தம்பியைப் பறிகொடுத்துவிட்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். இந்த நாளில் வெடிச்சத்தம் காதில் விழக்கூடாது என்று காலையிலேயே மாவாட்ட உட்கார்ந்துவிடுவீர்கள். மேல்மாடியில் குடியிருந்த மதுரைக்காரனான எனக்கு அதனால் வருடம் தவறாமல் புத்தாண்டுத் தோசை.

"நீர் என்ன வேலை செய்யிறீர் தம்பி?" என்று முதல் வருடம் கேட்டீர்கள். வெடிமருந்து கலக்கும் கலத்தில் முடி போன்ற கண்ணாடி இழையை வைக்கிறோம், மின்கம்பி என்றால் ஒரு பொறி போதும், இதில் போவது வெளிச்சம் மட்டும், சூடு ஏறினால் முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும், வேலையாட்கள் தப்பிவிடலாம் என்றேன். உங்கள் முகம் மலர்ந்ததே! கோயிலில் கண்டவரிடமெல்லாம் சொன்னீர்கள்: "எங்கட தம்பி வெடியை வெடிக்க விடாமல் பாக்கிறவர்." எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறு வருடம் மாவை வழித்துக்கொண்டே கேட்டீர்கள்: "கலந்த மருந்து பிறகு எங்க போகுது தம்பி?"

அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன். பாதி, பாறை உடைக்கப் போகிறது. மீதி ஷெல்லுக்குள்ளேதான் போகிறது அக்கா. அது என்ன வேகத்தில் வெடிக்கிறது என்று சோதிக்கவும் அதே இழையைத்தான் மருந்துக்குள் புதைக்கிறோம்.

அன்று என் முகத்தையே பார்த்தீர்கள். "சரி, அந்தச் சட்டியை எடும்" என்றீர்கள். தோசை சுட்டுப் போட்டீர்கள், சம்பலும் வைத்தீர்கள். அடுத்த வெள்ளி கோயிலில் யாரோ என்னைப் பற்றி விசாரித்தபோது, "வெடிக்க விடாமல் பாக்கிறவர்" என்று மறுபடியும் சொன்னீர்கள், என் பக்கம் திரும்பாமலே. திட்டியிருக்கலாம் அக்கா. திட்டியிருந்தால் நானும் நாலு நியாயம் பேசியிருப்பேன்; பேச எனக்கா தெரியாது? வெட்கமாக இருக்கிறது. வேலையை மட்டும் விடவில்லை. லீவு முடிந்ததும் போகத்தான் போகிறேன்.

நீங்கள் கண்ணை மூடி, எட்டாம் நாள் எட்டுச்செலவுச் சடங்கு முடிந்தபின் உங்கள் மகள் இந்தக் கிரைண்டரைத் தூக்கிவந்தாள். "அம்மா இதை உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னவா அண்ணை. நீங்கள் வெடிக்க விடாமல் பாக்கிற ஆளெண்டு எப்பவும் சொல்லுவா. ஓமோ?"

அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. "ஓம்" என்று சொல்லித்தான் வாங்கிக்கொண்டேன்.